விட்ட இடத்தில் தொடங்கும் விளையாட்டு

இடக்கொச்சியிலிருந்து பாலத்தைத் தாண்டினால் அரூர். இந்த வட்டாரத்துப் பீலிங் ஷெட்டுகளில் தோலுரித்து, உறைய வைத்துக் கப்பலேற்றும் இறால் எங்கே போகிறது என்பது இங்கு வேலை செய்யும் தமிழர்களுக்குத் தெரியாததல்ல. 1980-களில் இந்திய இறாலை மிக அதிகமாக வாங்கிய நாடு ஜப்பான். அதே ஆண்டுகளில் அதே ஜப்பான் உலகமெங்கும் அனுப்பிய சரக்குகளில் ஒன்று வீடியோ கேம் பெட்டி. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்களின் மூட்டைகளிலும், பின்னர் கடைகளில் விற்ற நகல் பெட்டிகளாகவும் அது நம் பக்கம் வந்து சேர்ந்தது.

ஆனால், அந்தப் பெட்டிக்கென்று ஜப்பானில் செய்த ஆட்டங்களில் ஒரு பெரிய வகை மட்டும் நம் வீடுகளுக்கு அநேகமாக வரவே இல்லை. அது என்ன? ஏன் வரவில்லை?

கைவேகம் வேண்டாம்

நிண்டெண்டோ நிறுவனத்தின் ‘ஃபாமிகாம்’ 1983 ஜூலை 15-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. விலை 14,800 யென். தொலைக்காட்சியுடன் இணைத்து, கேசட்டைச் செருகி ஆட வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் அறிந்த மரியோ, கான்ட்ரா முதலியவை இதில் ஆடியவையே. அவற்றில் விரல் வேகமே எல்லாம். விரல் தடுமாறினால் உயிர் போயிற்று. மூன்று உயிரும் போனால் மறுபடி முதலிலிருந்து.

1986 மே 27-ல் எனிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘டிராகன் குவெஸ்ட்’ வேறு வழியில் சென்றது. கதையமைத்தவர் யூஜி ஹோரி. உருவங்களை வரைந்தவர் ‘டிராகன் பால்’ சித்திரக்கதையின் ஆசிரியர் அகிரா தோரியாமா. இதில் கதாநாயகன் சொற்பக் காசுடன் புறப்படுகிறான். சிறு சிறு எதிரிகளை வென்று காசு சேர்க்கிறான். சேர்த்த காசில் நல்ல வாள் வாங்குகிறான். களைத்துப்போனால் சத்திரத்தில் காசு கொடுத்துப் படுக்கிறான். ஒவ்வொரு வெற்றியும் ‘அனுபவம்’ என்று கணக்கில் ஏறுகிறது. கணக்கு ஏற ஏற உடற்பலமும் கூடுகிறது. தோற்றால்? கையிலிருக்கும் பணத்தில் பாதி போகும். அரசன் முன்னால் போய் நிற்க வேண்டும். ஆனால், சேர்த்த அனுபவம் துளியும் குறையாது.

பிழைப்புக்காக வெளியூர் வந்தவர்களுக்கு இந்தக் கணக்கைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

வரியும் வாளும்

போர்த் தந்திர ஆட்டங்கள் இன்னொரு வகை. கோயெய் நிறுவனத்தின் ‘நோபுனாகாவின் பேராசை’ 1983-ல் கம்ப்யூட்டருக்கென்று செய்யப்பட்டு, 1988-ல் ஃபாமிகாமுக்கு வந்தது. இதில் ஆடுபவர் ஒரு சிற்றரசர். வரி விகிதம், நெல் இருப்பு, வெள்ளத் தடுப்பு, குடிகளின் விசுவாசம் என்று பேரேடு போல எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வரியைக் கூட்டினால் கஜானா நிரம்பும்; குடிகளின் மனம் கசக்கும்.

1990-ல் வந்த ‘ஃபயர் எம்பளம்’ சதுரங்கத்தின் உறவு. நம் சதுரங்கத்தின் வழிவந்தது ஜப்பானியரின் ஷோகி; அதைப்போலவே இதிலும் கட்டம் கட்டமாகக் காய் நகர்த்த வேண்டும். ஆனால், இங்கே ஒவ்வொரு காய்க்கும் பெயரும் முகமும் உண்டு. சதுரங்கத்தில் வெட்டுப்பட்ட காலாள் அடுத்த ஆட்டத்தில் பலகைக்குத் திரும்பிவிடுவான். இதில் இறந்த வீரன் பொதுவாகக் கதை முடியும்வரை திரும்புவதில்லை.

ஓர் எழுத்துப் பிழை

இவையெல்லாம் ஒரு மாலையில் முடிகிற ஆட்டங்கள் அல்ல. பல நாள், பல வாரம் இழுக்கும். பெட்டியை அணைத்தால் எல்லாம் மறந்துபோகுமே! முதல் டிராகன் குவெஸ்ட் இதற்குக் கண்ட வழி விசித்திரமானது. நிறுத்தும்போது திரையில் 20 ஜப்பானிய எழுத்துகள் தோன்றும். நோட்டில் எழுதிவைத்து, மறுநாள் அப்படியே திரையில் பதிந்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம். இரண்டாம் பாகத்தில் அது 52 எழுத்து வரை நீண்டது. நம் எழுத்தில் ‘ர’வும் துணைக்காலும் மயங்குவது போல ஜப்பானிய எழுத்திலும் ஒன்றையொன்று ஒத்தவை உண்டு. ஓர் எழுத்து தவறினால் பல நாள் உழைப்பும் வீண். நகல் எடுப்பதில் கவனம் எவ்வளவு முக்கியம் என்பதை எழுத்தர்கள் அறிவர். அந்த நாளில் ஜப்பானியச் சிறுவர்களும் கற்றுக்கொண்டார்கள்.

1988 பிப்ரவரி 10-ல் வெளியான மூன்றாம் பாகம் இந்தச் சிரமத்தை நீக்கியது. கேசட்டுக்குள்ளேயே சிறு நினைவகமும், கைக்கடிகாரத்தில் இருப்பது போன்ற வட்ட பாட்டரியும் வைத்துவிட்டார்கள். அன்று புதன்கிழமை. பள்ளிக்கு மட்டம் போட்டுக் கடை வாசலில் நின்ற மாணவர்கள் பலர் போலீசாரிடம் பிடிபட்டனர். அதன்பின் இத்தொடரை விடுமுறை நாளில் வெளியிடுவது வழக்கமாயிற்று. இதற்காகச் சட்டமே போடப்பட்டது என்பது மட்டும் வெறும் வதந்தி.

நமக்கு வராத காரணம்

1990-களில் நம் நாட்டில் பரவியவை பெரும்பாலும் நகல் பெட்டிகள். அவற்றுடன் ‘9999 ஆட்டம்’ என்று அச்சிட்ட கேசட்டுகள் வந்தன. திறந்து பார்த்தால் சில ஆட்டங்களே பெயர் மாறி மாறி வரும். கதை ஆட்டத்துக்கு நினைவகம் வேண்டும், பாட்டரி வேண்டும், விலை ஏறும். மலிவுச் சரக்கில் அதற்கு இடமில்லை. மொழியோ இன்னொரு பூட்டு. முதல் டிராகன் குவெஸ்ட் ஆங்கிலத்தில் அமெரிக்காவுக்குப் போனது 1989-ல். முதல் ஃபயர் எம்பளத்தின் அதிகாரபூர்வ ஆங்கில வடிவம் 2020-ல்தான், 30 ஆண்டு கழித்து வந்தது.

ஆகவே, நம் பிள்ளைகள் விரல் வேகத்தைக் கற்றார்கள். மெதுவாகச் சேர்த்து, தோற்றாலும் சேர்த்ததை இழக்காமல் மறுநாள் தொடரும் ஆட்டம் அவர்களுக்குக் கிட்டவில்லை.

பாட்டரி தீரும் முன்

இப்போது அந்தக் கேசட்டுகளுக்கு வயதாகிவிட்டது. பெட்டியை அணைத்த பின்னும் நினைவைக் காப்பது 3 வோல்ட் லிதியம் பாட்டரி. அது தீர்ந்தால் ஆட்டம் அழியாது; ஆடியவர் சேர்த்த கணக்குதான் அழியும்.

அசல் கேசட் எவர் வீட்டுப் பரணிலாவது இருந்தால், பாட்டரி மாற்ற அவசரப்பட வேண்டாம். பழைய பாட்டரியைக் கழற்றிய மாத்திரத்தில் உள்ளே இருப்பது போய்விடும். நினைவகத்தைக் கம்ப்யூட்டரில் நகலெடுக்கும் கருவிகள் உண்டு. முதலில் அது, பிறகே சால்டரிங். புதிய பாட்டரி போட்டு, எடுத்துவைத்த நகலைத் திரும்ப ஏற்றினால், என்றோ ஒரு பையன் விட்டுப்போன சத்திரத்திலிருந்தே பயணம் தொடங்கும். அவனுடைய வாளும், சேர்த்துவைத்த காசும் குறையாமல் இருக்கும்.