கண்ணழற்சியும் காப்புப் புரதமும்

மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரத்தில் உருவானது. செம்பனைப் பழம் எலிகளை ஈர்க்கும். அவற்றின் சிறுநீர் கலந்த நீராலும் சேற்றாலும் பரவும் எலிக் காய்ச்சல், தோட்டத் தொழிலாளரைத் தாக்கக்கூடிய தொழில்சார் நோய்களுள் ஒன்றாகும். காய்ச்சல் தணிந்து வாரங்களோ மாதங்களோ கழிந்தபின், சிலருக்கு யுவியைட்டிஸ் எனப்படும் கண் நடுப்படல அழற்சி தோன்றுவதுண்டு. 1993-ஆம் ஆண்டு வெள்ளத்தை அடுத்து இவ்வாறு பாதிக்கப்பட்ட 73 பேரை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை ஆராய்ந்தது. அதன் முடிவுகள் 1997-இல் வெளிவந்தன.

அழற்சியின்போது தோன்றும் தீவிர வேதிப்பொருள்கள் விழித்திரையின் ஒளியுணர் செல்களைத் தாக்குகின்றன. அவ்வேளையில் கண்ணும் வாளாவிருப்பதில்லை. விழிவில்லையின் தெளிவைப் பேணும் ஆல்ஃபா-ஏ கிரிஸ்டலின் என்னும் புரதம் விழித்திரையிலும் மிகுகின்றது. அது சிதைவுற்ற சைட்டோகுரோம்-சி புரதத்தைப் பற்றிக்கொண்டு, செல் தன்னையே அழித்துக்கொள்வதைத் தடுக்கின்றது. செயற்கையாக அழற்சி தூண்டப்பட்ட சுண்டெலிகளைக் கொண்டு அமெரிக்காவில் நிகழ்ந்து, 2008-இல் வெளியான ஆய்வு இதனை உணர்த்திற்று. இப்புரதம் அற்ற சுண்டெலிகளின் விழித்திரை தொடக்கத்திலேயே சேதமுற்றது.

எனினும், இக்காப்பு அழற்சியின் தொடக்கநிலையில் காணப்பட்டதாகும்; நோயை அது நீக்குவதில்லை. நீடிக்கும் அழற்சி கண்புரைக்கும் பார்வைக் குறைவுக்கும் வழிவகுக்கலாம். ஆதலின், காய்ச்சலுற்றுத் தேறியவர்க்குக் கண் சிவப்பு, ஒளிக்கூச்சம், பார்வை மங்கல் ஆகியன தோன்றின், அவற்றைச் சாதாரணக் கண்நோய் எனக் கருதிக் காலந்தாழ்த்தல் ஆகாது. முந்தைய காய்ச்சலையும் செய்யும் தொழிலையும் கண் மருத்துவரிடம் எடுத்துரைத்தல் இன்றியமையாதது. தோட்டப்புறப் பள்ளி ஆசிரியர்கள் இச்செய்தியைப் பெற்றோரிடம் கொண்டுசேர்ப்பின், உரிய காலத்தில் சிகிச்சை தொடங்க வாய்ப்புண்டு.