காய் விடவும் பழம் விடவும் ஒரு தோழி வேண்டும்

மண்ணச்சநல்லூரில், அரிசி ஆலைப் பக்கம் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். செவித்திறன் குறைந்த நான்கு வயதுச் சிறுமி அம்மாவின் செல்போன் முன் உட்கார்ந்திருக்கிறாள். திரையில் ஏழெட்டு முகங்கள். டீச்சர் ஒரு பந்தைக் காட்டி நிறம் கேட்கிறார். சிறுமி வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டு "சிவப்பு!" என்கிறார். வகுப்பு முடிந்தது. சிறுமிக்கு டீச்சர் கிடைத்தார், தோழி கிடைக்கவில்லை.

2020-ல் கொரோனாவால் அங்கன்வாடிகள் மூடப்பட்டபோது மழலையர் பாடமும் செல்போனுக்குள் போனது. மழலையருக்கு ஒரு நாளில் 30 நிமிடத்துக்கு மேல் கூடாது, அதுவும் பெற்றோருக்கு வழிகாட்டத்தான் என்றது அந்த ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட 'பிரக்யதா' வழிகாட்டி. சரியான எச்சரிக்கைதான். ஆனால் நட்பு?

மூன்று வயதில் பிள்ளைகள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாக விளையாடுவார்கள். பிறகு மெல்ல மெல்லச் சேர்வார்கள். 1932-லேயே அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் இந்தப் படிகளை வகுத்துக் காட்டினார். பிடுங்குவது, அழுவது, காய் விடுவது, பழம் விடுவது எல்லாம் நடப்பது அந்த இடைவெளியில்தான். பத்துப் பேர் இருக்கும் திரையில் சண்டை வந்தால் ஒலியை அணைத்துவிடுகிறோம். சமாதானம் ஆகும் வாய்ப்பும் அதோடு போய்விடுகிறது.

அதனால் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகப் பிரியுங்கள். பத்து நிமிடம் போதும். சில வாரங்களுக்கு அதே ஜோடி. இரண்டு வீட்டிலும் ஒரு தட்டு, ஒரு கரண்டி. ஒருத்தி இரண்டு முறை தட்டினால் மற்றவள் அதே மாதிரி தட்ட வேண்டும். பிறகு முறை மாறும். காது கேட்காவிட்டாலும் கண்ணால் பார்த்துத் தட்டலாம். பேச்சு வராத பிள்ளை படத்தைக் காட்டலாம். கை அசைக்கச் சிரமப்படும் பிள்ளைக்கு அம்மா கரண்டியைப் பிடித்துக்கொடுக்கலாம். பதிலை மட்டும் சொல்லித்தரக் கூடாது. மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருக்க வேண்டும். பெற்றவர்களுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம்.

இந்த வயதுப் பிள்ளைகளுக்குச் சட்டத்திலும் ஓர் இடைவெளி இருக்கிறது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இலவசக் கல்வி உரிமையை 6 வயதிலிருந்துதான் தருகிறது. மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறை 2023 நவம்பரில்தான் வந்தது. அதனால் இப்படி ஜோடி சேர்த்துத் தரும்படி அங்கன்வாடி டீச்சரிடமும் வட்டார வள மையத்தின் சிறப்பு ஆசிரியரிடமும் தயங்காமல் கேளுங்கள்.

போனில் பழகிய ஜோடியை வாரம் ஒருநாளாவது அங்கன்வாடியில் நேரில் உட்கார வையுங்கள். தரையில் இரண்டு தட்டு விழுந்தால் அந்த அதிர்வு சிறுமிக்கும் எட்டும். கூப்பிடுவது யாரென்று திரும்பிப் பார்ப்பாள்.