மாமியாருக்கு ஆபரேஷன், மருமகளுக்கு யார்?

சந்தவாசலில் ஒரு பாட்டி ஈரத்தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், 108 வண்டி வேலூர் சாலையில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் வரை தாங்கும். கூடத் தங்கும் மருமகள் இழக்கிற கூலியை எந்தத் திட்டமும் தருவதில்லை. மகளிருக்கான கட்டணமில்லாப் பயணமும் நகரப் பேருந்தோடு சரி. வேலூர் வண்டிக்குச் சீட்டு எடுத்தாக வேண்டும்.

அந்த மருமகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அவரை முதலில் உலுக்குவது இரவுதான். ஆபரேஷன் முடிந்து ஓரிரு நாளில் சில முதியவர்கள் பிதற்றுவார்கள், டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்குவார்கள், பெற்ற பிள்ளையையே "நீ யாரு?" என்பார்கள். காத்துக் கருப்பு, புத்தி பேதலிச்சுப்போச்சு என்று உறவினர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். மருத்துவத்தில் இதற்கு டெலீரியம் என்று பெயர். வலி, கிருமித் தொற்று, சிறுநீர் தேங்குவது, உடம்பில் நீரோ உப்போ குறைவது, தூக்கம் கெடுவது, சில மருந்துகள் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். காரணத்தைக் கண்டு சரிசெய்தால் பெரும்பாலோர் தெளிந்துவிடுவார்கள். படவேட்டு ரேணுகாம்பாளுக்கு வேண்டிக்கொள்ளுங்கள், தவறில்லை. அதற்கு முன் செவிலியரிடம் சொல்லுங்கள். கண்ணாடி போடும் பாட்டிக்குக் கண்ணாடியை மாட்டிவிடுங்கள். பகலில் வெளிச்சம் படட்டும், பழகிய முகம் பக்கத்தில் இருக்கட்டும்.

டிஸ்சார்ஜ் சீட்டில் கையெழுத்துப் போடும் அவசரத்தில் பலரும் எதையும் கேட்பதில்லை. கேளுங்கள். எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று செய்து காட்டச் சொல்லுங்கள். தானாகப் புரள முடியாதவரைச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பாவிட்டால் படுக்கைப் புண் வரும். காய்ச்சல், தையலில் சீழ், ஒரு கால் மட்டும் வீங்குவது, மூச்சுத்திணறல் இவற்றில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து, வராவிட்டால் திரும்பப் போய்க் கேளுங்கள்.

இவ்வளவையும் ஒரே ஆள் மாதக்கணக்கில் செய்தால் உடம்பு தாங்காது. நோயாளித் துணையைப் பராமரித்து அந்தச் சுமையில் தவித்த முதியவர்கள், அப்படிப் பராமரிக்கும் நிலை இல்லாதவர்களைவிட நான்கு ஆண்டுகளுக்குள் இறக்கும் வாய்ப்பு 63 சதவீதம் அதிகம் என்று 1999-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று கண்டது. தூக்கம் வராமல் புரள்வது, கிழவியிடம் எரிந்து விழுந்துவிட்டுத் தனியே அழுவது, செத்தால் தேவலை என்ற நினைப்பு எல்லாம் களைத்த மனத்தின் அறிகுறிகள். கல்நெஞ்சம் என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். 14416 டெலிமானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும், கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசலாம்.

மனத்திடம் என்று எல்லாரும் உபதேசிக்கிறார்கள். வாரத்தில் இரண்டு இரவு இன்னொருவர் விழித்திருந்தால் அந்தத் திடம் தானாக வரும் என்பது என் எண்ணம். இந்த உதவியைப் பாட்டி பெற்ற பிள்ளைகளிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம், சட்டமே துணை இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இன்படி, தன் வருமானத்தில் வாழ முடியாத பெற்றோரைப் பராமரிக்கும் கடமை மகனுக்கும் மகளுக்கும் உண்டு. ராப்பகலாக உழைக்கும் மருமகள் அந்தப் பட்டியலில் இல்லை. சென்னையிலும் பெங்களூரிலும் இருந்துகொண்டு போனில் நலம் விசாரிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் மேல் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பாட்டியே மனு கொடுக்கலாம். முடியாவிட்டால் அவர் அதிகாரம் அளித்த ஒருவர் கொடுக்கலாம். ஒரு மகன் மேல் மட்டும் மனு போட்டாலும், மற்றப் பிள்ளைகளையும் சேர்க்கும்படி அந்த மகன் கேட்க முடியும். மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிட சட்டத்தில் இடமுண்டு. மனுவை எப்படி எழுதுவது, எங்கே கொடுப்பது என்ற வழிகாட்டலுக்கு முதியோர் உதவி எண் 14567.