பிரபஞ்சம் முழுவதற்கும் ஒரு கையெழுத்து

சாலிகிராமத்தில் ஒரு படக் கம்பெனி. இரண்டரை மணி நேரம் கதை சொல்லி முடித்த உதவி இயக்குநருக்கு டோக்கன் அட்வான்ஸ் தயாராக இருக்கிறது. மேஜை மேல் ஆங்கிலத்தில் பதினான்கு பக்க அக்ரிமென்ட். "ஸ்டாண்டர்ட் ஃபார்மட்தான் தம்பி. பென்சில்ல குறி போட்டிருக்கிற இடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டுடுங்க" என்கிறார் மேனேஜர். ஏழெட்டு வருடம் வாய்ப்புக்காக அலைந்தவர் அந்த நேரத்தில் பேனாவைத் தேடுவாரா, வக்கீலைத் தேடுவாரா?

அந்தப் பதினான்கு பக்கங்களில் எங்காவது இப்படி ஒரு ஷரத்து இருக்கும்: இன்று இருக்கிற, இனிமேல் கண்டுபிடிக்கப்படவிருக்கிற எல்லா ஊடகங்களிலும், பிரபஞ்சம் முழுவதும், நிரந்தரமாக, சகல உரிமைகளும் தயாரிப்பாளரையே சேரும். பிரபஞ்சம் என்ற சொல்லைப் பார்த்துச் சிலர் சிரிப்பார்கள். பதிப்புரிமைச் சட்டம் படித்த வக்கீல் சிரிக்க மாட்டார்.

1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 19ஆவது பிரிவில் எழுத்தாளருக்கு ஒரு சலுகை தருகிறது. உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாமல் விட்டால், அது ஐந்து ஆண்டுதான். எந்தெந்த நாட்டுக்கு என்று சொல்லாமல் விட்டால், இந்தியாவுக்கு மட்டும்தான். வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, அது காலாவதியாகிவிடும். அதாவது ஒப்பந்தம் வாய் திறக்காத இடத்திலெல்லாம் சட்டம் எழுத்தாளர் பக்கம் பேசுகிறது. சட்டத்தின் அந்த வாயை அடைக்கத்தான் 'நிரந்தரமாக', 'பிரபஞ்சம் முழுவதும்' போன்ற சொற்கள். பதினான்கு பக்கம் ஏன் என்பதும் இப்போது புரியும்.

'இனிமேல் கண்டுபிடிக்கப்படவிருக்கிற' என்பதற்குத் தனிக் கதை உண்டு. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கையெழுத்தான பட ஒப்பந்தங்களில் சாட்டிலைட் சேனலும் கிடையாது, ஓடிடியும் கிடையாது. பின்னால் அவை வந்தபோது யாருக்குப் பணம் என்று தகராறு வந்தது. 2012இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒப்பந்தம் போட்ட நாளில் இல்லாத ஊடகத்தைக் குறிப்பாகச் சொல்லியிருந்தால் தவிர, எழுதிக் கொடுத்த உரிமை அதற்குச் செல்லாது. 'எல்லா வருங்கால ஊடகமும்' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் அது குறிப்பாகச் சொன்னது ஆகுமா? வழக்காடலாம். ஆனால் வழக்காடப் போவது நீங்கள், உங்கள் செலவில்.

அதே திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் இன்னொன்று செய்தது. 1977இல் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்புக்குப் பிறகு, படத்துக்காக எழுதிய பாட்டும் போட்ட இசையும் பெரும்பாலும் தயாரிப்பாளரின் சொத்து என்றே நடைமுறை இருந்தது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ஜாவேத் அக்தர் உள்ளிட்டோர் வாதாடிய பிறகு வந்த 2012 திருத்தம், தியேட்டரில் படத்தோடு ஓடுவதைத் தவிர்த்த மற்றப் பயன்பாடுகளுக்கான ராயல்டியில் அவர்களுக்குச் சம பங்கு என்று வைத்தது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் அதை விட்டுக்கொடுக்க முடியாது. 'ராயல்டி கோர மாட்டேன்' என்று எழுதி வாங்கினாலும் அது செல்லாது. இன்றும் அந்த வரியோடு ஒப்பந்தங்கள் வருகின்றன என்பது வேறு விஷயம்.

இதையெல்லாம் உங்கள் ஊரில் நிலப் பத்திரம் பார்த்துத் தரும் வக்கீலும் சட்டப் புத்தகத்தைப் புரட்டிக் கண்டுபிடிக்கலாம். பிறகு எதற்கு சினிமா வக்கீல்? இரண்டு வழக்குகளைச் சொன்னால் விளங்கும்.

ஆர்.ஜி. ஆனந்த் என்பவர் 'ஹம் ஹிந்துஸ்தானி' என்று ஒரு நாடகம் எழுதினார். பஞ்சாபிக் குடும்பத்துக்கும் மதராஸிக் குடும்பத்துக்கும் இடையில் காதல், மாநிலவாதம். படம் எடுக்கும் ஆர்வத்தோடு வந்தவர்களுக்கு அதை முழுக்க வாசித்துக் காட்டினார். பதில் வரவில்லை. 1956இல் 'நியூ டெல்லி' என்ற இந்திப் படம் வந்தது. வைஜெயந்திமாலா தமிழ்ப் பெண்ணாக நடித்தார், கதாநாயகன் பஞ்சாபிப் பையன். ஆனந்த் வழக்குப் போட்டு, தோற்று, மேல்முறையீட்டிலும் தோற்று, கடைசியில் 1978இல் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றார். கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை வெளிப்படுத்தும் விதத்துக்குத்தான் உண்டு என்றது நீதிமன்றம். கதைத் திருட்டு வழக்குகளில் எதிர்த்தரப்பு இன்றும் முதலில் எடுத்து நீட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான்.

இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2003இல், மும்பை உயர் நீதிமன்றத்தில் இதே மாதிரி ஒரு சண்டை. சன்டயல் என்ற சிறு நிறுவனம் ஒரு தொலைக்காட்சித் தொடருக்கான கருத்தை ஜீ தொலைக்காட்சியிடம் கொண்டுபோனது. பிறகு ஜீயே அதை ஒத்த தொடரைத் தயாரித்தது. இங்கே சிறு நிறுவனத்துக்குத்தான் தடை உத்தரவு கிடைத்தது. பதிப்புரிமையோடு நிற்காமல், நம்பிக்கையின் பேரில் சொன்ன ரகசியத்தை எடுத்துக்கொண்டார்கள் என்றும் வாதாடினார்கள். கருத்துக்குப் பதிப்புரிமை இல்லாமல் போகலாம். ரகசியமாக நம்பிச் சொன்னதைக் காப்பாற்றச் சட்டத்தில் இடம் உண்டு. முன்கதவு மூடியிருக்கும் வீட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு கதவு இருப்பது, அந்தத் தெருவில் பலநாள் நடந்தவருக்குத்தான் தெரியும். அப்படிப்பட்டவர் கதை சொல்லப் போவதற்கு முன்பே, "சுருக்கத்தை மெயிலில் அனுப்பு, ரகசியமாகத் தருகிறேன் என்று ஒரு வரி சேர், எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்" என்று சொல்லிவிடுவார்.

சரி, அவரை எங்கே பிடிப்பது? வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சில் விதி. ஆகவே இணையத்தில் 'நம்பர் ஒன் சினிமா வக்கீல்' என்று தன்னைத்தானே அறிவித்துக்கொள்பவரைக் கண்டால் கொஞ்சம் யோசியுங்கள். எழுத்தாளர் சங்கத்தில் விசாரிக்கலாம். இன்னொரு வழி, சென்னை உயர் நீதிமன்ற இணையதளத்தில் பதிப்புரிமை வழக்குத் தீர்ப்புகளைத் திறந்து பார்ப்பது. யாருக்காக யார் ஆஜரானார் என்று பெயர் போட்டிருக்கும், காசு கிடையாது. இதில் ஒரு குறை: தெரிவது வழக்காடுபவர்கள் பெயர்தான். தகராறே வராதபடி ஒப்பந்தம் எழுதுபவர் பெயர் எந்தத் தீர்ப்பிலும் வராது. நீங்கள் கையெழுத்துப் போடப் போகிறீர்கள் என்றால் உங்களுக்கு வேண்டியவர் இவர்தான்.

முதல் சந்திப்பில் நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: "நீங்க பெரும்பாலும் யாருக்கு அக்ரிமென்ட் போடுறீங்க சார், தயாரிப்பாளருக்கா, எழுதுறவங்களுக்கா?" இந்தத் தொழிலில் வக்கீல்கள் கொஞ்சம் பேர்தான். உங்கள் தயாரிப்பாளரின் வக்கீலாகவே அவர் இருக்கக்கூடும். "கம்பெனி வக்கீலே உங்களுக்கும் சேர்த்துப் பார்த்துட்டார்" என்று யாராவது சொன்னால், உங்களுக்கு யாருமே பார்க்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

கட்டணத்தை முன்கூட்டியே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்: படித்துச் சொல்ல எவ்வளவு, எதிர்த்தரப்போடு பேச எவ்வளவு, படிக்கப்போவது அவரா ஜூனியரா. ஹாலிவுட்டில் ஒப்பந்தத் தொகையில் ஐந்து சதவீதம் என்று வாங்கும் வழக்கம் உண்டு. இங்கே வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதும் கிடைப்பதில் பங்கு கேட்பதும் பார் கவுன்சில் விதிப்படி தவறு. "ஜெயிச்சா பத்து பர்சென்ட்" என்பவரிடம் காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

அனுபவசாலி பதினான்கு பக்கத்தையும் சிவப்பு மையால் நிரப்ப மாட்டார். புதியவர் கேட்டு எல்லாமும் மாறாது என்று அவருக்குத் தெரியும். மூன்று, நான்கு இடங்களில்தான் பிடிவாதம் பிடிப்பார். படம் ஆரம்பிக்கவில்லை என்றால் கதை எப்போது உங்களிடம் திரும்பும்? ரீமேக், இரண்டாம் பாகம், வெப் தொடர் எடுத்தால் தனித் தொகை உண்டா? டைட்டிலில் பெயர் எப்படி வரும்? சம்பளம் எந்தெந்தக் கட்டத்தில்? இவற்றில் முதலாவதுதான் அதிகம் பேரைக் கவிழ்ப்பது; அட்வான்ஸோடு அலமாரிக்குள் போன கதைகளுக்குக் கோடம்பாக்கத்தில் பஞ்சமில்லை. கடைசிப் பக்கத்தில், தகராறு வந்தால் மும்பையில்தான் மத்தியஸ்தம் என்று இருக்கிறதா என்பதையும் அவர் பார்ப்பார். ரயில் டிக்கெட்டும் லாட்ஜ் வாடகையுமே பலரை வழக்கிலிருந்து விரட்டிவிடும்.

கையில் காசில்லை என்றால் சங்கத்திடம் ஒப்பந்தத்தைக் காட்டிக் கேளுங்கள். பெண்களும் பட்டியல் சாதி, பழங்குடியினரும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவிக்குத் தகுதியானவர்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டமே அப்படிச் சொல்கிறது.

மேனேஜரிடம் இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள். கதை நிஜமாகவே பிடித்திருந்தால் இரண்டு நாளில் யாரும் மனம் மாறிவிடுவதில்லை. வக்கீலிடம் ஒவ்வொரு ஷரத்தையும் தமிழில் சொல்லச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். கையெழுத்தானதும் எல்லாப் பக்கத்திலும் இரு தரப்பும் ஒப்பமிட்ட பிரதி ஒன்றைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் கழித்து வக்கீல் அலுவலகத்தில் உட்கார்ந்து, "அக்ரிமென்ட் எங்கே?" என்ற கேள்விக்கு "கம்பெனியில இருக்கும் சார்" என்று பதில் சொல்பவர்கள் ஏராளம். அந்தக் கம்பெனி அதற்குள் வீடு மாறியிருக்கும்.