செந்நாயும் ஓநாயும்: காட்டுயிர் ஒளிப்படம் செய்யும் மரியாதை

காட்டுயிர் ஒளிப்படக்கலை என்பது விலங்குகளையும் பறவைகளையும் அவை இயல்பாக வாழும் இடத்திலேயே, அவற்றுக்குத் தொல்லை தராமல் படம் எடுக்கும் கலையாகும். புலி, யானை போன்றவற்றின் படங்களை எல்லோரும் விரும்பிப் பார்க்கிறார்கள். ஆனால் மக்களால் நெடுங்காலம் வெறுக்கப்பட்ட விலங்குகளுக்குத்தான் இக்கலை பெரிதும் உதவியுள்ளது. ஓநாயும் செந்நாயும் அத்தகைய இரண்டு விலங்குகள்.

இரண்டும் ஒன்றல்ல

இவ்விரண்டையும் பலர் ஒன்றெனக் கருதுகின்றனர். இரண்டும் நாய்க் குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஆனால் வெவ்வேறு பேரினங்கள். ஓநாய் சாம்பல் கலந்த பழுப்பு நிறமுடையது; புல்வெளிகளிலும் புதர்க்காடுகளிலும் வாழும்; ஊளையிடும். செந்நாய் செம்பழுப்பு நிறமும் கறுத்த அடர்ந்த வாலும் கொண்டது. காடுகளில் கூட்டமாக வாழும். சீழ்க்கை ஒலி எழுப்பித் தன் கூட்டத்தை அழைக்கும். ஓநாய்க்கு 42 பற்கள். செந்நாய்க்கு 40 மட்டுமே.

தமிழகத்தில் ஓநாய் மிக அரிதாகிவிட்டது. இந்தியா முழுவதிலும் ஏறத்தாழ 3,000 ஓநாய்களே எஞ்சியுள்ளன என மதிப்பிடப்படுகிறது. செந்நாயை, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழியும் நிலையில் உள்ள விலங்காகப் பட்டியலிட்டுள்ளது.

கம்பம் பள்ளத்தாக்கும் மேகமலையும்

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு, மேற்கே ஏலமலைக்கும் கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலைகளுக்கும் இடையில் உள்ளது. கீழே நெல்வயல்களும் திராட்சைத் தோட்டங்களும். சின்னமனூரிலிருந்து மேலே ஏறினால் தேயிலைத் தோட்டங்களும் சோலைக்காடுகளும். கடமானையும் காட்டுப்பன்றியையும் வேட்டையாடும் செந்நாய்க்கு இம்மலைக்காடுகள் ஏற்ற வாழிடம்.

மேகமலை வனவிலங்குச் சரணாலயமும் திருவில்லிபுத்தூர் சாம்பல்நிற அணில் சரணாலயமும் இணைக்கப்பட்டு, 2021 பிப்ரவரியில் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. இது தமிழகத்தின் ஐந்தாவது புலிகள் காப்பகம். வைகை ஆறு பிறப்பதும் இம்மலைகளில்தான். எனவே இக்காட்டைக் காப்பது என்பது தேனி, மதுரை மாவட்டங்களின் குடிநீரையும் வேளாண்மையையும் காப்பதாகும்.

வெறுப்பின் வரலாறு

ஆங்கிலேயர் ஆட்சியில் ஓநாயும் செந்நாயும் தீங்குயிர்களாகக் கருதப்பட்டன. கொன்றவர்களுக்குப் பரிசுப்பணம் வழங்கப்பட்டது. 1875 முதல் 1925 வரையிலான ஐம்பது ஆண்டுகளில் சுமார் 2,00,000 ஓநாய்கள் கொல்லப்பட்டிருக்கலாம் என்று வரலாற்றாய்வாளர் மகேஷ் ரங்கராஜன் கணக்கிட்டுள்ளார். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே நிலைமையை மாற்றியது.

சட்டம் துப்பாக்கியைத் தடுத்தது. மனத்தில் இருந்த வெறுப்பை அகற்ற வேறு முயற்சிகள் தேவைப்பட்டன. நாங்குநேரியில் பிறந்து, சிவகாசிக் கல்லூரி ஒன்றில் ஆசிரியராக இருந்த ஏ.ஜே.டி. ஜான்சிங், 1970-களில் பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்களை நேரில் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். கூட்டமே சேர்ந்து குட்டிகளுக்கு உணவூட்டி வளர்ப்பது போன்ற அவற்றின் வாழ்க்கைமுறை இத்தகைய ஆய்வுகளால் தெளிவாயிற்று. பின்னர் மைசூரைச் சேர்ந்த கிருபாகர், சேனானி இருவரும் பல ஆண்டுகள் காத்திருந்து செந்நாய்க் கூட்டங்களைப் படமாக்கினர். 'கொடிய விலங்கு' என்று கேள்விப்பட்டிருந்தவர்கள், குட்டிகளோடு விளையாடும் தாயைத் திரையில் கண்டனர்.

திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன் (1912–1996) இத்துறையின் முன்னோடி. கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்த இவர், தமிழிலும் ஆங்கிலத்திலும் இயற்கை பற்றி எழுதினார். பத்மஸ்ரீ விருது பெற்றார்.

உண்மையே அடிப்படை

இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் போட்டியில், 2009-இல் வேலிக்கதவைத் தாண்டும் ஓநாயின் படம் முதற்பரிசு பெற்றது. அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கக்கூடும் என நடுவர்கள் முடிவு செய்ததால், 2010 சனவரியில் பரிசு திரும்பப் பெறப்பட்டது. படமெடுத்தவர் அக்குற்றச்சாட்டை மறுத்தார். காட்டு விலங்கின் படம் என்றால் அதில் உள்ளது காட்டு விலங்காகவே இருக்க வேண்டும் என்ற நெறியை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

படமெடுப்போர் கவனிக்க வேண்டியவை

• சரணாலயத்திற்குள் படமெடுக்க வனத்துறையின் அனுமதி தேவை.
• குட்டிகள் இருக்கும் வளைகளை நெருங்கக் கூடாது. தொல்லை ஏற்பட்டால் தாய் குட்டிகளை வேறிடத்திற்கு மாற்ற நேரிடும்.
• இரை வைத்து அழைப்பதும், இரை உண்ணும் கூட்டத்தை விரட்டுவதும் தவறு. உணவை இழந்த கூட்டம் மீண்டும் வேட்டையாட வேண்டியிருக்கும்.
• வளை இருக்கும் சரியான இடத்தைச் சமூக ஊடகங்களில் வெளியிடக் கூடாது.
• வளர்ப்பு நாயைக் காட்டுக்குள் கொண்டு செல்லக் கூடாது. வெறிநோயும் நாய்களைத் தாக்கும் பிற தொற்றுகளும் ஒரு கூட்டத்தையே அழிக்க வல்லவை.

படம் மட்டும் போதுமா?

கால்நடையை இழந்த மேய்ப்பருக்கு ஒளிப்படம் ஆறுதல் தராது. அவருக்கு உரிய இழப்பீடு விரைவில் கிடைக்க வேண்டும். காட்டில் மான்களும் காட்டுப்பன்றிகளும் குறையாமல் இருக்க வேண்டும். இவை நடந்தால்தான் செந்நாயின் மீதான கோபம் தணியும்.

ஒளிப்படத்தின் பணி அதற்கு முந்தையது. ஒரு விலங்கு இங்கே வாழ்கிறது என்பதற்கு அது சான்று. அதைக் கண்டு வியக்கும் மாணவருக்கு அது முதல் பாடம். கம்பம் பள்ளத்தாக்கின் பள்ளிப் பிள்ளைகள் புலியின் படத்தை அடையாளம் காண்பதுபோலத் தங்கள் மலையில் வாழும் செந்நாயையும் அடையாளம் கண்டு பெயர் சொல்லத் தொடங்கினால், அதுவே அவ்விலங்குக்குச் செய்யும் மரியாதை.