கைடு மேசையில் கிடக்கும் இயல்

என்னுடைய மூன்றாம் இயல் ஏழு மாதம் என் நெறியாளர் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. கரண்ட் பில் அட்டைக்கும் கல்யாணப் பத்திரிகைகளுக்கும் நடுவில், நான் ஸ்பைரல் போட்டுக் கொடுத்த அதே நீல அட்டையோடு. வீட்டுக்குள் நுழைந்ததும் என் கண் முதலில் அங்கேதான் போகும். "பார்த்துக்கிட்டு இருக்கேம்மா" என்பார் ஐயா. "சரிங்க ஐயா" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு அவர் கொடுத்த வேலையை முடித்துக்கொடுத்து பஸ் ஏறுவேன். ஒருநாள் கருத்தரங்க அழைப்பிதழுக்கு மெய்ப்புத் திருத்தம், இன்னொரு நாள் அவர் மகளுடைய கல்லூரிக் கட்டணத்துக்கு வங்கி வரிசை. அந்த ஏழு மாதத்தில் 'இன்ன தேதியில் இயலைக் கொடுத்தேன்' என்று ஒரு மின்னஞ்சல்கூட நான் அனுப்பவில்லை. அனுப்பினால் மரியாதைக் குறைவு என்று நினைத்திருந்தேன். கால நீட்டிப்புக்கு விண்ணப்பம் போட்ட அன்று, 'தாமதத்துக்கான காரணம்' என்ற கட்டத்தை நிரப்ப என்னிடம் ஒரு தாள்கூட ஆதாரமாக இல்லை.

இப்போது என்னிடம் வரும் இளைய ஆய்வாளர்கள் "எழுத வரலைக்கா" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். கொஞ்சம் கிளறிக் கேட்டால், எழுதியது நாலு மாதமாகத் திரும்பி வரவில்லை என்று தெரியும். அல்லது டாக்டரல் கமிட்டியில் ஒருவர் தலைப்பையே மாற்றச் சொல்லியிருப்பார், அது எந்தக் குறிப்பிலும் பதிவாகியிருக்காது. எழுத வராமல் போவதற்குத் திறமைக் குறைவு காரணமாக இருப்பதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். எல்லாமே வாய்ப்பேச்சாக நடப்பதுதான் பெரும்பாலும் காரணம். வாய்ப்பேச்சில் எப்போதும் தோற்பது மாணவர்தான்.

எழுத்தில் இருக்கும் விதிகள் நமக்கு எவ்வளவோ தருகின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் முனைவர் பட்ட விதிமுறைகள் 2022 நவம்பர் 7 முதல் நடப்பில் இருக்கின்றன. குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டு கிடைக்கும். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டு சலுகை உண்டு. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்காகப் பெண்கள் மொத்தத்தில் 240 நாள்வரை விடுப்பு எடுக்கலாம். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகும் பெண், தன் ஆய்வுத் தரவுகளோடு அங்குள்ள நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது; நிதி நிறுவனம் ஒன்று பழைய நிறுவனத்துக்கு ஒதுக்கிய திட்டத்தின் பகுதியாக அந்த ஆய்வு இருக்கக்கூடாது. "கல்யாணம் ஆச்சுன்னா பிஎச்டி அவ்வளவுதான்" என்று வீட்டிலும் துறையிலும் சொல்லக் கேட்டு, பதிவை ரத்து செய்துகொண்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும். இந்த விதி இருப்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். நீங்கள் பதிவு செய்த தேதியைப் பொறுத்துப் பழைய விதிகளும் பொருந்தக்கூடும். ஆகவே பதிவு ஆணையையும் உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வு விதிப் புத்தகத்தையும் முதல் மாதமே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டரல் கமிட்டி என்று நாம் சொல்லும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வாளர் தன் முன்னேற்றத்தைக் காட்ட வேண்டும். பலர் இதை ஒரு தேர்வாக நினைத்து நடுங்குகிறார்கள். உண்மையில் மாணவருக்கு இருக்கும் பெரிய பாதுகாப்பே இதுதான். குழுவின் பரிந்துரை நிறுவனத்துக்குப் போகும், அதன் நகல் ஆய்வாளருக்கும் தரப்பட வேண்டும். முன்னேற்றம் திருப்தியில்லை என்றால் காரணத்தை எழுத வேண்டும், சரிசெய்யும் வழியையும் சொல்ல வேண்டும். காரணம் காட்டாமல் பதிவை நீக்கப் பரிந்துரைக்க முடியாது. நகலைக் கேட்டு வாங்குங்கள். கேட்பதில் எந்தத் தவறும் இல்லை.

கைடிடம் இயல் கொடுத்த அன்றே இப்படி ஒரு மின்னஞ்சல் போதும்: "ஐயா, வணக்கம். மூன்றாம் இயலை, 48 பக்கம், இன்று தங்களிடம் கொடுத்துள்ளேன். 21, 34ஆம் பக்கங்களில் எனக்குச் சந்தேகம் உள்ளது. தங்களுக்கு வசதியான ஒரு நாளைச் சொன்னால் வந்து பார்க்கிறேன்." இதில் எந்த இடத்திலும் குற்றச்சாட்டு இல்லை, தேதி மட்டும்தான் இருக்கிறது. ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் ஐந்து வரி: என்ன பேசினோம், என்ன செய்யச் சொன்னார், எப்போதைக்குள். இதைத் தனி நோட்டிலும் குறித்து வையுங்கள். பிற்பாடு உங்கள் தரவை வேறொருவர் பெயரில் கட்டுரையாகப் பார்க்க நேர்ந்தால்கூட, யார் எப்போது எழுதியது என்பதற்கு இந்தத் தேதிகள்தான் சாட்சி.

ஆய்வேடு கொடுத்த பிறகும் காத்திருப்பு தொடரும். சமர்ப்பித்த நாளிலிருந்து வாய்மொழித் தேர்வு முடிவு வெளியாகும்வரை எல்லாம் ஆறு மாதத்துக்குள் முடிய வேண்டும் என்கின்றன அதே 2022 விதிமுறைகள். ஆறு மாதம் தாண்டினால், தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு மனுப் போடலாம். 10 ரூபாய் கட்டணம், பதில் தர 30 நாள் கெடு. தேர்வாளர் பெயரைக் கேட்காதீர்கள், தர மறுப்பார்கள். ஆய்வேடு எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது, அறிக்கை எந்தத் தேதியில் வந்தது, நினைவூட்டல் போனதா என்று மட்டும் கேளுங்கள். கேள்வி போனதுமே அலமாரியில் கிடந்த கோப்பு நகர்ந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

வைவா செலவு என்று ஒன்று நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. தேர்வாளருக்குச் சாப்பாடு, சால்வை, பழத்தட்டு, சில இடங்களில் உறை. உதவித்தொகை இல்லாத ஒரு பெண், அம்மாவின் தோட்டை அடகு வைத்துவிட்டு வைவாவுக்கு வந்து நின்றாள். விருந்தோம்பல் என்று இதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பல்கலைக்கழக ஆசிரியர் ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி பொது ஊழியர். கையெழுத்துக்கோ அறிக்கைக்கோ பணம் கேட்டால் அது லஞ்சம். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது: 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பதும் குற்றம். வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் சட்டம் அவரைக் காக்கும். கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறைக்குச் சொல்லிவிடுவது இன்னும் நல்லது.

புகார் என்றதும் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பட்டம் போயிடுமேக்கா?" இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். விதி உங்களுக்குப் பாதை போட்டுக் கொடுக்கும். கைடின் முகம் மாறிப்போவதைத் தடுக்க அதனால் முடியாது. அதனால் முதலில் குழு உறுப்பினர் ஒருவரிடமோ துறைத்தலைவரிடமோ போங்கள். கைடை மாற்றிக்கொள்ளவும் பல்கலைக்கழக விதிகளில் நடைமுறை உண்டு. புதியவரின் ஒப்புதல் கடிதத்தோடு விண்ணப்பிக்கும்போது பழையவரின் ஆட்சேபணையின்மைக் கடிதத்தையும் கேட்பார்கள். அவர் தர மறுத்தால், கேட்ட தேதியையும் மறுத்த விவரத்தையும் எழுதி ஆய்வுப் பிரிவுக்கு நேரடியாகக் கொடுங்கள்.

அதுவும் பலிக்கவில்லை என்றால் 2023 ஏப்ரலில் வந்த மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகள் இருக்கின்றன. ஒவ்வொரு நிறுவனத்திலும் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும், அதில் பெண் ஒருவராவது இருக்க வேண்டும். குழு 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். முடிவு பிடிக்கவில்லை என்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம், அவருக்கு 30 நாள் கெடு. நிறுவனம் தர ஒப்புக்கொண்ட உதவித்தொகை தாமதமாவதும், சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்வதும் இதற்குள் அடங்கும். மானியக் குழுவின் இ-சமாதான் தளத்திலும் பதியலாம். நாலு பேருக்கு ஒரே குறை என்றால் நாலு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள், தனியாளை நெருக்குவதுபோல் கூட்டத்தை நெருக்க முடியாது. சாதியின் பெயரால் நடக்கும் அவமதிப்புக்குப் பல்கலைக்கழகத்தின் எஸ்சி எஸ்டி பிரிவு மட்டுமல்ல, 2021இல் அமைந்த மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையமும் இருக்கிறது.

பாலியல் தொல்லை என்றால் சமாதானப் பேச்சுக்கு யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். உள்ளகப் புகார்க் குழுவுக்கு மூன்று மாதத்துக்குள் எழுதுங்கள். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் கிடைக்கும். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். 2015 மானியக் குழு விதிமுறைகளின்படி, விசாரணை நடக்கும்போதே குற்றம் சாட்டப்பட்டவர் உங்கள் ஆய்வை மதிப்பிடாமல் தடுக்கும்படி கேட்கலாம். வாயைத் திறந்தால் ஆய்வேடு நின்றுவிடும் என்று மிரட்டப்படுபவர்களுக்கு இந்த ஒரு வரிதான் பிடிமானம். இந்த விதிமுறைகள் ஆண்களுக்கும் திருநர்களுக்கும் பொருந்தும்.

அவசரத்தில் விழும் குழிகள் வேறு. "மூன்றே நாளில் வெளியீடு, ஐஎஸ்எஸ்என் உண்டு, யுஜிசி கேர் இதழ்" என்று வாட்ஸ்அப்பில் தகவல் வராத ஆய்வாளர் இன்று இருக்கிறாரா? ஐஎஸ்எஸ்என் என்பது இதழுக்கான அடையாள எண், தரத்துக்கு அது சான்று இல்லை. 2018 மே மாதம் மானியக் குழு தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரே நாளில் நீக்கியது. அதன் பிறகு வந்த கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டுவிட்டது. ஆகவே இன்றைக்குக் கேர் என்று சொல்லி யாராவது பணம் கேட்டால் அந்தச் சொல்லே சந்தேகத்துக்குரியது. நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் அப்படியே திருடி நடத்தும் போலித் தளங்களும் உண்டு. ஆசிரியர் குழுவில் இருக்கும் ஒருவருக்கு, அவருடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் உள்ள முகவரியில் எழுதிக் கேட்டால் போதும். 2022 விதிமுறைகளில் ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நீங்கிவிட்டது. ஆனால் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த விதியில் அதை வைத்திருக்கின்றன. எத்தனை கட்டுரை, எந்த வகை இதழ் என்பதை முதல் ஆண்டே எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டால் கடைசி நேரத்தில் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை.

கருத்துத் திருட்டு விதி 2018இல் வந்தது. ஒற்றுமை 10 சதவீதம்வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40வரை, அதிகபட்சம் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60வரை ஓராண்டுக்குத் திருத்திய பிரதியைக்கூடக் கொடுக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. முறையாகச் சுட்டிய மேற்கோள்கள், துணைநூல் பட்டியல், நன்றியுரை, சட்ட வாசகங்கள் இந்தக் கணக்கில் சேராது. எழுதிக் கொடுக்கக் கடைகள் இருக்கின்றன, அவற்றின் விளம்பரம் பல்கலைக்கழக வாசல் மின்கம்பத்திலேயே ஒட்டியிருக்கும். அங்கே வாங்கிய ஆய்வேடு சோத்கங்கா தளத்தில் காலத்துக்கும் உங்கள் பெயரில் நிற்கும், பத்தாண்டு கழித்தும் யாராவது ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எழுதுவதைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். படித்து முடித்துவிட்டு எழுதலாம் என்று இருந்தால் படிப்பு முடியவே முடியாது. படித்த அன்றே அரைப்பக்கம் எழுதுங்கள், பக்க எண்ணோடு. ஆதாரம் கிடைக்கவில்லை என்று சொல்லும் காலமும் மாறியிருக்கிறது. 2025 ஜனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் அரசு உயர்கல்வி நிறுவன மாணவர்களுக்கு 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்கள் திறந்திருக்கின்றன. உங்கள் நூலகர் பதிவு செய்து தந்தாரா என்று கேளுங்கள். தமிழ் ஆய்வாளர்களுக்குத் தரமணியில் ரோஜா முத்தையா நூலகம், எழும்பூரில் கன்னிமாராவும் ஆவணக் காப்பகமும், பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம் இருக்கின்றன. பணத்துக்கு வழி தேடுபவர்கள் ஜேஆர்எஃப் தேர்வை விட்டுவிட வேண்டாம். 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், பின்னர் 42,000. முழுநேர ஆய்வு செய்யும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்குத் தமிழக அரசின் ஊக்கத்தொகை தனியாக உண்டு.

தூக்கம் கெட்டு, யாரிடமும் பேசப் பிடிக்காமல், செத்துவிடலாமா என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் ஆய்வேட்டை மூடி வைத்துவிட்டு 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கூப்பிடுங்கள், 104ஐயும் கூப்பிடலாம். தமிழில் பேசலாம், காசு கிடையாது.

போன ஆவணியில் ஒரு பெண் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கைடுக்கு அனுப்ப வேண்டிய அந்த மின்னஞ்சலை நாலு தடவை அழித்து அழித்து எழுதினாள். 'வசதியான ஒரு நாளை' என்ற இடத்தில் 'தயவுசெய்து' சேர்க்கலாமா என்று கேட்டாள். சேர்த்துக்கொள் என்றேன். கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அமுக்கினாள். மூன்றாம் வாரம் இயல் திரும்பி வந்தது, பதினொரு பக்கங்களில் சிவப்பு மையோடு. 34ஆம் பக்கத்து ஓரத்தில் கைடு எழுதியிருந்ததை எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பினாள்: "இது நல்ல வாதம். விரிவாக எழுது."