உப்புக் காற்றும் மரத்தளமும்

வீட்டின் கதவுக்கும் ஜன்னலுக்கும் உத்தரத்துக்கும் மரத்தை உபயோகிக்கிறபோது அதற்கு மேலே ஒரு கூரையோ, தாழ்வாரத்தின் நிழலோ இருக்கிறது. சாரல் அடித்தாலும், செங்குத்தாக நிற்கும் பலகையின்மேல் விழுந்த துளி தங்காமல் வழிந்தோடிவிடுகிறது. ஆனால் வெட்டவெளியில், ஆகாயத்தைப் பார்த்தபடி, பலகைகளைப் படுக்கைவசமாகப் பரப்பி, அதன்மேல் மனிதர் நடமாடவும் நாற்காலி போட்டு அமரவும் ஏற்றபடி அமைக்கிற மரத்தளத்துக்கு இந்தப் பாக்கியங்களில் ஒன்றுகூட இல்லை. உச்சிவெயிலின் கிரணங்கள் நேராக அதன்மேல் இறங்குகின்றன. மழைநீர் அதன்மேலேயே தேங்குகிறது. காலணியில் ஒட்டிவரும் மணல் மேற்பூச்சை ஓயாமல் தேய்க்கிறது. இத்தனைக்கும் மேலாக அந்தத் தளம் கடலோரத்தில் அமைந்துவிட்டால், இரவு பகலாக ஈரத்தைச் சுமந்து வரும் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. சாயத்துக்கும் எண்ணெய்க்கும் இதைவிடக் கடினமான பரீட்சை வேறில்லை.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்குக் கரையில், கரோலினா மாநிலங்களில் தொடங்கிப் புளோரிடாவைச் சுற்றிக்கொண்டு, மெக்ஸிகோ வளைகுடாவின் ஓரமாக டெக்ஸாஸ் வரையிலும், வீட்டின் பின்புறத்தில் இத்தகைய தளம் ஒன்று இருப்பது சர்வ சாதாரணம். நம்முடைய சென்னை மெரினாவிலும், சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் மணலில் சிக்காமல் அலையருகே சென்று வரும்பொருட்டு 2022-ஆம் ஆண்டில் ஒரு மரப்பாதை அமைக்கப்பட்டது. கடலோரத்தில் மரத்தைப் பரப்பி நடக்க விரும்புகிற எவரும், அந்த மரம் எதனால் கெடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், கடையில் வரிசையாக அடுக்கியிருக்கும் டப்பாக்களில் எதை எடுப்பது, எதைத் தொடாமல் விடுவது என்ற குழப்பம் பெரும்பாலும் நீங்கிவிடும்.

முதலில் நீரைப் பற்றிப் பார்ப்போம். மரம் என்பது நீரை வேரிலிருந்து இலைக்கு ஏற்றுவதற்காக இயற்கை அமைத்த நுண்குழாய்களின் தொகுதி. வெட்டி, அறுத்து, இழைத்து, ஆணியடித்த பிறகும் அந்தச் சுபாவம் அதை விட்டுப் போவதில்லை. குழாய்களின் உள்வெளியில் நிற்கும் நீர் வடிந்துவிட்டாலும், குழாய்ச் சுவர்களுக்குள்ளேயே கலந்திருக்கும் நீர் சுற்றிலுமுள்ள காற்றின் ஈரத்துக்குத் தக்கபடி ஏறியும் இறங்கியும் கொண்டிருக்கிறது. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 65 ஆக இருக்கும் பிரதேசத்தில் மரத்துக்குள் அதன் உலர்ந்த எடையில் 12 சதவிகித அளவுக்கு நீர் நிலைத்திருக்கும். ஈரப்பதம் 80 ஆனால் அது 16 ஆகும். 90-ஐ எட்டினால் 20-ஐத் தாண்டும். சுவர்கள் கொள்ளும் நீருக்கு ஏறக்குறைய 30 சதவிகிதம் எல்லை. அதற்குக் கீழே ஒவ்வொரு சதவிகித மாறுதலும் பலகையின் அகலத்தை மாற்றுகிறது. நீளவாக்கில் அந்த மாறுதல் கண்ணுக்குத் தெரியாத அளவு சொற்பம். குறுக்குவாக்கிலோ வெகுவாகத் தெரியும். அதிலும் வளையங்களை ஒட்டிய போக்கில் விரிவதும் சுருங்குவதும், நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கிய போக்கில் நிகழ்வதைப் போல ஏறத்தாழ இருமடங்கு. இரண்டு போக்கும் ஒத்துப்போகாததால்தான் பலகை கிண்ணம்போல் குழிகிறது, முறுக்கிக்கொள்கிறது, கடைசியில் வெடிக்கிறது. கடலோரத்தில் படியும் உப்போ காற்றிலிருந்து தானே ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும் பதார்த்தமாதலால், மழை ஓய்ந்த பிறகும் பலகையின் மேற்புறம் சீக்கிரத்தில் உலர்வதில்லை.

அடுத்தது சூரியன். மரத்தின் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருப்பது லிக்னின் என்னும் பொருள். புற ஊதாக் கிரணங்களை விழுங்கிச் சிதைந்துபோவது அதன் குணம். பிணைப்பு சிதைந்ததும் மழை அதைக் கழுவிச் செல்கிறது. வெறும் செல்லுலோஸ் இழைகள் எஞ்சி நிற்கின்றன. அவற்றின்மேல் கரும்பூஞ்சணம் குடியேற, புதுப்பலகையின் பொன்னிறம் சில மாதங்களுக்குள் சாம்பல் நிறமாகிவிடுகிறது. பலர் இந்த நிறமாற்றத்தைக் கண்டு, மரம் உளுத்துவிட்டதென்று கலங்கிப்போகிறார்கள். அந்தக் கலக்கத்துக்குக் காரணமில்லை. புற ஊதாக் கிரணம் ஊடுருவுகிற ஆழம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இராது; இப்படி வெயிலாலும் மழையாலும் மட்டும் ஒரு மென்மரப் பலகை தேய்வதென்றால், நூறு ஆண்டுகளில் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர்தான் குறையும். மரத்தளத்தை அழிப்பது சாம்பல் நிறம் அன்று. விரிசலின் வழியே உள்ளே இறங்கி அங்கேயே தங்கிவிடும் நீர்தான்.

ஏனெனில் மரத்தை மக்கச் செய்யும் காளான் இனங்களுக்கு வேண்டியவை உணவு, காற்று, மிதமான உஷ்ணம், நீர் ஆகிய நான்கு மட்டுமே. முதல் மூன்றையும் கடலோரம் தாராளமாகவே கொடுத்துவிடுகிறது. நம்முடைய கைக்கு எட்டுவது நான்காவது ஒன்றுதான். மரத்தின் ஈரம் 20 சதவிகிதத்துக்குக் கீழே இருக்கும்வரை காளான் வேரூன்ற முடியாது என்பது பொதுவான விதி. விஸ்கான்ஸின் மாநிலத்து மாடிஸன் நகரில் 1910-இல் நிறுவப்பட்ட வனப்பொருள் ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்த தியோடர் ஷெஃபர் என்பவர், ஓர் ஊரின் மாதாந்தர உஷ்ணத்தையும் மழை நாட்களின் எண்ணிக்கையையும் கொண்டு, அவ்வூரில் வெளியில் கிடக்கும் மரம் எவ்வளவு விரைவில் மக்கக்கூடும் என்று கணிக்கும் ஒரு குறியீட்டை 1971-இல் வகுத்தார். குறியீடு 35-க்குக் கீழே இருந்தால் ஆபத்து குறைவு. 65-ஐத் தாண்டினால் அதிகம். வளைகுடாக் கரையோரம் இந்த உயர்ந்த வகுப்பைச் சேர்ந்தது.

அப்படிப்பட்ட பிரதேசத்தில், காளானுக்கு விருந்தாகிற சாதாரணப் பைன் மரத்தைக் கொண்டு லட்சக்கணக்கான தளங்களை அமைப்பது எவ்வாறு சாத்தியமாயிற்று? இதற்கு விடை நம் நாட்டிலிருந்தே போயிற்று என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த சொன்டி காமேசம் என்னும் விஞ்ஞானி 1933-இல், செம்பு, குரோமியம், ஆர்ஸெனிக் ஆகிய மூன்றின் உப்புக்களைக் கலந்து, மரத்துக்குள் செலுத்தக்கூடிய ஒரு காப்புக் கரைசலைக் கண்டுபிடித்தார். செம்பு காளானைத் தடுத்தது; செம்புக்கு அஞ்சாத காளானையும் கறையானையும் ஆர்ஸெனிக் தடுத்தது; இவ்விரண்டும் மழையில் கரைந்து போகாதபடி குரோமியம் அவற்றை இழையோடு பிணைத்து வைத்தது. இரும்பு உருளைக்குள் பலகைகளை அடைத்து, காற்றை உறிஞ்சி எடுத்தபின் இந்தக் கரைசலை மிகுந்த அழுத்தத்தோடு உட்செலுத்தும் முறை உலகெங்கும் பரவியது. அமெரிக்க வீடுகளின் பசுமை படர்ந்த மரத்தளங்கள் பல்லாண்டுக் காலம் இந்தக் கண்டுபிடிப்பின்மீதே நின்றன. குழந்தைகள் விளையாடும் இடத்தில் ஆர்ஸெனிக் இருப்பதைப் பற்றிய கவலை வளர்ந்ததனால், 2003-ஆம் ஆண்டின் முடிவோடு அந்நாட்டில் வீட்டு உபயோகத்துக்கு இதைக் கையாள்வது நின்றது. செம்பையே பிரதானமாகக் கொண்ட வேறு கரைசல்கள் அதன் இடத்தைப் பெற்றன. செம்பு மிகுந்த இக்கரைசல்கள் இரும்பை அரிப்பவை. உப்புக் காற்றும் சேருமிடத்தில் சாதாரண ஆணி வெகு சீக்கிரத்தில் கரைந்துபோகும். எனவே துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிக்குச் செலவழிப்பது ஆடம்பரமல்ல.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைக் களைந்துவிட வேண்டும். காப்புக் கரைசல் ஏற்றிய மரத்துக்கு மேற்பூச்சு எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. கரைசல் காளானையும் கறையானையும் விலக்கும், நீரை விலக்காது. நனைந்தும் காய்ந்தும் விரிந்தும் சுருங்கியும் பலகை வெடிப்பதை அது தடுப்பதில்லை. வெடிப்பு ஆழமானால், கரைசல் எட்டாத உட்பாகம் காளானுக்குத் திறந்துவிடப்படுகிறது. மேற்பூச்சின் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மேற்பூச்சுக்களில் இரண்டு ஜாதி உண்டு. மரத்தின்மேல் கண்ணாடிபோல் ஒரு படலமாக நிற்பவை ஒன்று. வார்னிஷும் பெயின்டும் இவ்வகை. இழைகளுக்குள் ஊறிப்போய், மேலே படலம் எதுவும் விடாதவை மற்றொன்று. எண்ணெய்களும், நிறத்தூள் கலந்த எண்ணெய்ச் சாயங்களும், மெழுகு கலந்த நீர்விலக்கிகளும் இவ்வகை. முதல் ஜாதியின் பளபளப்பு யார் மனத்தையும் கவரக்கூடியது. நீர் புகாமல் முழுக்க அடைத்துவிடுவதே பந்தோபஸ்து என்று தோன்றுவதும் இயல்பு. ஆனால் வெயிலில் கிடக்கும் தளத்தில் இந்த அடைப்பு நெடுநாள் நிலைப்பதில்லை. பலகை விரியும்போது படலமும் விரிய வேண்டும்; வெயிலில் இறுகிப்போன படலத்துக்கு அந்த நெகிழ்ச்சி இல்லை. மயிரிழை போன்ற ஒரு பிளவு கண்டதும் மழைநீர் உள்ளே புகுகிறது. புகுந்த நீர் அதே வழியில் திரும்பி வெளிவர இயலாமல், சூரிய உஷ்ணத்தில் ஆவியாகிப் படலத்தைக் கொப்புளமாகத் தூக்குகிறது. ஒரு பருவம் கழிந்தபின் பார்த்தால், உரிந்த படலத்தின் ஓரங்களில் பலகை கறுத்துக் கிடக்கும். அதைப் புதுப்பிப்பதென்றால் முழுவதையும் சுரண்டியெடுத்த பிறகுதான் முடியும். கடலோர மரத்தளத்துக்கு வார்னிஷ் பூசக்கூடாது என்பது என் உறுதியான அபிப்பிராயம். நீர் நுழைவதைத் தாமதப்படுத்த வேண்டும். நுழைந்துவிட்ட நீர் தடையின்றி ஆவியாகிப் போகவும் விட வேண்டும். இவ்விரண்டையும் ஒருசேரச் செய்வது ஊறும் ஜாதிப் பூச்சு மட்டுமே.

ஊறும் எண்ணெய்களில் பழையது ஆளிவிதை எண்ணெய். தேங்காயெண்ணெய் எத்தனை நாளானாலும் எண்ணெயாகவே கிடக்க, இதுவோ பிராணவாயுவோடு கலந்து காலக்கிரமத்தில் பிசினாக இறுகிவிடுகிறது. மரத்துக்கு அது பயன்படுவது இந்தக் குணத்தால்தான். வறண்ட சீமையில் இது சிறந்த காப்பு. ஈரம் மிகுந்த கரையிலோ இதற்கொரு பெருங்குறை உண்டு: கரும்பூஞ்சணத்துக்கு ஆளிவிதை எண்ணெயே ஆகாரமாகிவிடுகிறது. பூஞ்சணநாசினி சேராத எண்ணெயைப் பூசினால் தளம் முன்னிலும் விரைவாகக் கறுக்கும். மாடிஸன் ஆராய்ச்சிசாலையார் வீட்டு வெளிச்சுவர்ப் பலகைகளுக்காக 1950-களில் வகுத்த பிரசித்தமான கலவையில், ஆளிவிதை எண்ணெயோடு மெழுகும் நிறத்தூளும் பூஞ்சணநாசினியும் சேர்ந்திருந்ததன் காரணம் இதுவே. அவர்கள் அன்று சேர்த்த நாசினி நச்சுத்தன்மை மிகுந்ததென்று பின்னால் விலக்கப்பட்டது. ஆனால் எண்ணெய், மெழுகு, நிறம், நாசினி என்ற அமைப்பு இன்றுவரை மாறவில்லை. இவற்றில் நிறத்தூளை வெறும் அலங்காரம் என்று எண்ணிவிடக் கூடாது. செம்மண்ணுக்கு நிறம் கொடுக்கிற அதே இரும்பு ஆக்ஸைடு, மரத்தின் இழைகளில் படிந்து நின்று, லிக்னினுக்குப் போகவேண்டிய புற ஊதாக் கிரணத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது. நிறமே இல்லாத தெளிந்த பூச்சு மரத்தின் இயற்கை அழகை அப்படியே காட்டும்; வெயிலைத் தடுக்கும் சக்தி மட்டும் அதற்கு மிகக் குறைவு. மரத்தின் வரிகள் தெரியும்படியான அரைத்தெளிவுச் சாயமே இரண்டுக்கும் நடுவான நல்வழி.

இனிப் பூசும் முறை. ஆலையிலிருந்து வரும் பலகைகள் காப்புக் கரைசலில் நனைந்து கனத்திருக்கும். குழாய்கள் நீரால் நிரம்பியிருக்கையில் எண்ணெய் எங்கே நுழையும்? ஈரமானி இருந்தால் 15 சதவிகிதத்துக்கு அருகே அளவு இறங்கும்வரை காத்திருக்கலாம். கருவி இல்லாதவர் பலகையின்மேல் சில துளி நீர் தெளித்து, அது சீக்கிரம் உறிஞ்சப்படுகிறதா என்று பார்த்தால் போதும். அதற்காக ஒரு வருஷம் காத்திருப்பதும் பிழை. சில வாரங்களிலேயே வெயில் மேல் இழைகளைத் தளர்த்திவிடுவதால், தளர்ந்த இழையின்மேல் ஏறிய சாயம் இழையோடு உதிர்ந்துபோகும். பழைய தளமானால், உப்பை நன்னீரால் கழுவி, சோடியம் பெர்கார்பனேட் கரைத்த நீரால் தேய்த்து அழுக்கையும் பூஞ்சணத்தையும் போக்கி, ஆணியைச் சுற்றிய கருநீலக் கறை இருந்தால் அதற்கு ஆக்ஸாலிக் அமிலம் தடவி, மறுபடி நன்றாக அலசிவிட வேண்டும். உப்புத்தாள் போடுவதிலும் ஓர் அளவு இருக்கிறது: 60 அல்லது 80 எண் தாளோடு நிறுத்திக்கொள்வது நலம், அதற்குமேல் வழவழப்பாக்கினால் துவாரங்கள் அடைபட்டு எண்ணெய் ஊறாது.

பூசும் வேளையைத் தேர்ந்தெடுப்பதில்தான் கடலோரத்தில் பெரும் சாமர்த்தியம் வேண்டியிருக்கிறது. அதிகாலையில் பனித்துளி, நண்பகலில் பலகை சுடும், சாயம் ஊறுமுன் மேலேயே காய்ந்துவிடும், மாலையில் தாமதித்தால் இரவின் ஈரம் காயாத எண்ணெயின்மேல் படியும். பனி உலர்ந்தபின், தளம் நிழலுக்கு வருகிற நேரத்தில், ஒரு பலகையை அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இடையில் நிறுத்தாமல் பூசிச் செல்ல வேண்டும். நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் இரட்டைச் சாயம் ஏறிக் கோடு விழும். சிறிது நேரம் ஊறவிட்டு, மரம் குடிக்காமல் மிஞ்சியதைத் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். தாராளமாக இருக்கட்டுமென்று மிச்சத்தை விட்டுவிடுகிறவர், எந்தப் படலத்தைத் தவிர்க்க நினைத்தாரோ அதையே தாமாக உண்டாக்கிக்கொள்கிறார். பிசுபிசுப்பும் வழுக்கலும்தான் மிஞ்சும். எல்லாவற்றையும்விட முக்கியம், பலகையின் அறுத்த முனை. கட்டாக நிற்கும் நாணலின் வாயைப்போல் அங்கே குழாய்கள் எல்லாம் திறந்திருக்கின்றன. மேற்புறத்தைவிடப் பன்மடங்கு வேகமாக நீர் அங்கே ஏறுகிறது. தளங்கள் பெரும்பாலும் முனையிலிருந்தே மக்கத் தொடங்குகின்றன. மேற்புறத்துக்கு ஒரு கை பூசினால் முனைக்கு இரண்டு மூன்று கை பூசலாம். பலகைகளுக்கிடையே சந்து விட்டு, தளத்தின் அடியில் காற்றோட்டம் கொடுத்தால், பூச்சு செய்ய முடியாத வேலையைக் காற்று செய்யும். இத்தனை செய்தும், ஓராண்டிலிருந்து இரண்டு மூன்று ஆண்டுக்குள் மறுபூச்சு வேண்டியிருக்கும்; ஊறும் சாயம் உரியாமல் மெல்ல மங்குவதால், சுரண்டும் வேலை இல்லாமல் கழுவி உலர்த்தி மேலேயே பூசிவிடலாம்.

தேக்கின் கதை வேறு. அதன் வைரத்தில் இயற்கையே எண்ணெய்ப் பிசுக்கையும் கறையானுக்கு ஒவ்வாத பொருள்களையும் வைத்திருக்கிறது. மலபார்த் தேக்கில் பம்பாய்த் துறையில் கட்டப்பட்டு 1817-இல் நீரில் இறங்கிய ட்ரிங்கோமாலி என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் மிதக்கிறது. அக்காலத்து மாலுமிகள் தேக்குத் தளத்துக்கு வார்னிஷ் பூசியதில்லை; கடல்நீரை ஊற்றி மணற்கல்லால் தேய்த்தார்கள். மழைநீரில் கண்ட அச்சம் அவர்களுக்குக் கடல்நீரில் இல்லை. உப்பு ஊறிய மரத்தில் மக்கச்செய்யும் காளான் எளிதில் வளர்வதில்லை. ஈரத்தை இழுத்துத் தளத்தை வருத்துகிற அதே உப்பு இப்படி ஒரு விதத்தில் காவலாகவும் நிற்பதால், எண்ணெய் ஏற்றும் தறுவாயில் மட்டும் அதை முழுக்கப் போக்கினால் போதுமானது. நம் கரையில் மீனவர்கள் வள்ளத்துக்கு முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெயைத் தடவி வந்ததும் ஊறும் காப்பின் வகையே.

வேலை முடிந்ததும் எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது. ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது உஷ்ணம் வெளிப்படுகிறது. விரித்த துணியில் அது காற்றோடு போய்விடும், சுருட்டிய துணியிலோ வெளியேற வழியின்றிப் பெருகிச் சில மணி நேரத்தில் தானாகவே தீப்பற்றிவிடக்கூடும். துணிகளை ஒவ்வொன்றாக விரித்து வெளியில் காயப்போட வேண்டும். அல்லது நீர் நிறைந்த தகர டப்பாவில் அமிழ்த்தி மூடிவைக்க வேண்டும்.